கசக்காத தண்ணீர்

அந்தப் பொடி பார்ப்பதற்கு ரொம்பச் சாது, மேடம். உள்ளங்கையில் அள்ளினால் முகத்துக்கே பூசிக்கொள்ளலாம் போலத் தோன்றும். எரியாது, தண்ணீரில் கரையாது, கையில் பட்டால் அரிக்காது. வாசனை கிடையாது, சுவையும் கிடையாது. குவார்ட்ஸ் என்ற வெள்ளைக் கல்லை எங்கள் மில்லில் அரைத்தெடுப்பது அது. இந்த ஜன்னல் கண்ணாடியிலும் சுவரிலிருக்கும் பெயின்டிலும் குளியலறைப் பீங்கானிலும் இருக்கிறது. அங்கே அதனால் யாருக்கும் தொந்தரவில்லை.

தரையில் படிந்து கிடக்கும்வரை கூடத் தொந்தரவில்லை. வெயில் விழுகிற இடத்தில் மினுமினுவென்று மிதக்குமே, அதில் பெரும்பகுதியை மூக்கே பிடித்துவிடும். கண்ணுக்கே தெரியாத அளவுக்கு நுண்மையாக இருப்பதுதான் நுரையீரலின் அடிவரைக்கும் போய் உட்கார்ந்துகொள்ளும். போனது திரும்ப வராது. அதைச் சுற்றித் தழும்பு கட்டும். வருடக்கணக்கில் சத்தமில்லாமல் நடக்கிற காரியம். இதையெல்லாம் திங்கட்கிழமை தோறும் மில் தொழிலாளர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதுதான் என் வேலை. பாதுகாப்பு அதிகாரி என்று என் அறைக் கதவில் எழுதியிருக்கும்.

நன்றாகவே சொல்லிக்கொடுத்தேன். துடைப்பத்தால் பெருக்கக் கூடாது, பொடி கிளம்பும். ஈரத்துணியால்தான் துடைக்க வேண்டும். காற்றுக் குழாயால் சட்டையை ஊதக் கூடாது. வேலை உடுப்பை வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது. ஓயாமல் இதையே சொன்னதில் எனக்கு ஈரத்துணி என்று பட்டப்பெயர் வைத்துவிட்டார்கள். "டேய், ஈரத்துணி வர்றாரு, துடைப்பத்த ஒளிச்சு வை" என்று என் காதில் விழும்படியே சொல்வார்கள். எனக்கு உள்ளூர அதில் ஒரு பெருமை.

மூட்டை கட்டும் பிரிவுதான் மில்லிலேயே மோசமான இடம். குழாய் வாயில் பையை மாட்டி, பொடியை நிரப்பி, தைத்து அனுப்புகிற அறை. மாஸ்க் முகத்தோடு ஒட்டி உட்காருகிறதா என்று வருடா வருடம் சோதித்த பிறகுதான் ஆளை அங்கே விட வேண்டும். பொடிக்குச் சுவையில்லையே, அதனால் சோதனைக்கென்று கசப்பு மருந்து ஒன்று வரும். ஆளை உட்காரவைத்துத் தலைமேல் ஒரு பிளாஸ்டிக் உறையைக் கவிழ்த்து, மாஸ்க் இல்லாமல் முதலில் ஒரு தடவை அதைப் புகைபோல அடிப்பேன். முகத்தைச் சுளிப்பார்கள். பிறகு மாஸ்க்கை மாட்டச் சொல்லி, இரண்டாவது பாட்டிலிலிருந்து அதையே இன்னும் காட்டமாக அடிப்பேன். தலையைத் திருப்ப வேண்டும், குனிந்து நிமிர வேண்டும், சத்தமாகப் பேச வேண்டும். அப்போது நாக்கில் கசந்தால் எங்கேயோ இடுக்கு இருக்கிறது என்று அர்த்தம். கசப்பு நுழைகிற இடுக்கில் பொடியும் நுழையும்.

என் தங்கையின் கணவருக்கு அந்தப் பிரிவில் வேலை வாங்கிக்கொடுத்தது நான்தான். ஒடுங்கிய கன்னம், நீள முகம். பக்கத்தில் இருப்பவரைச் சிரிக்கவைக்காமல் அவரால் ஒரு பையைத் தைக்க முடியாது. முதல் சோதனையில், மாஸ்க் மாட்டிய பிறகும் உறைக்குள்ளிருந்தே கத்தினார். "ஐயோ மச்சான், கசாயத்த வாயில ஊத்தின மாதிரி இருக்கு! உங்க தங்கச்சியக் கட்டிக்கிட்டதுக்குப் பழி வாங்குறீங்களா?" வரிசையில் நின்ற எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அவருக்கு மட்டுமல்ல, அந்தப் பிரிவில் பாதிப் பேருக்குமேல் கசந்தது. மில்லுக்கு வந்த மாஸ்க் எல்லாம் ஒரே அளவு, அகல முகத்துக்கானது. வேறு அளவுகளும் தருவிக்க வேண்டும் என்று மேலாளரிடம் போய்ச் சொன்னேன். "பாதி ஆள வெளிய நிறுத்திட்டா மூட்டைய யாரு கட்டுவா? நீ கட்டுவியா?" என்றார். "வர்றப்ப வரும், போ. அதுவரைக்கும் எதையாவது பண்ணிச் சமாளி." எதையாவது என்றால் என்னவென்று அவர் சொல்லவில்லை. நான் என்ன செய்தேன் என்பது இன்றுவரை அவருக்குத் தெரியாது. அதை அவர் தலையில் கட்ட மாட்டேன்.

அன்று சாயங்காலம் தங்கை போன் செய்தாள். "என்னண்ணா, அவர உள்ள விடலையாமே? இப்பதான் மனுஷன் ஒரு இடத்துல நிலைச்சு நிக்கிறாரு. நீ இருக்கியேன்னுதானே நான் நிம்மதியா இருந்தேன்." அவளுக்காகத்தான் செய்தேன் என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அது பாதிகூட உண்மையில்லை. பாதிப் பேர் தேறவில்லை என்று எழுதினால் மேலாளர் முறைப்பார். நான் சிபாரிசு செய்த ஆளும் தேறவில்லை என்றால் கேலிதான். எனக்கு என் நாற்காலி பிடித்திருந்தது, மேடம்.

மறுநாள் இரண்டாவது பாட்டிலில் குழாய்த் தண்ணீரைப் பிடித்து வைத்தேன்.

முதல் பாட்டிலைத் தொடவில்லை. யோசித்துத்தான் அதை அப்படியே விட்டேன். மாஸ்க் இல்லாதபோது வாயெல்லாம் கசக்கும். மாஸ்க்கைப் போட்டதும் கசப்பு மாயமாகிவிடும். அப்புறம் யாருக்குச் சந்தேகம் வரும்? "அட, பரவாயில்லையே! மச்சான் சொன்னா சொன்னதுதான்" என்று மாப்பிள்ளை தன் மாஸ்க்கைத் தட்டிக்கொடுத்தார். எல்லோரும் தேறினார்கள். அடுத்த வருடமும் தேறினார்கள், அதற்கடுத்த வருடமும்.

மாஸ்க்கை நம்பாதவரைக்கும் அவர்கள் பயந்து பயந்து வேலை பார்த்தார்கள். குழாய் அடைத்துக்கொண்டால் எட்ட நின்று கம்பால் தட்டுவார்கள். தேறிய பிறகு தலையை உள்ளே விட்டே சுத்தம் செய்தார்கள். பொடித் தொட்டிக்குள் இறங்க வேண்டும் என்றால் மாப்பிள்ளைதான் முதல் ஆள். "மச்சான் சோதிச்சுக் குடுத்த மாஸ்க்கு, எனக்கென்ன?" என்பார். வாசலில் நின்று நான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். இறங்காதீர்கள் என்று சொன்னால் ஏன் என்று கேட்பாரே, அதனால் சொல்லவில்லை.

இருமலில் ஆரம்பித்தது. பிறகு மாடிப்படியில் பாதியிலேயே உட்கார்ந்துவிடுவார். இப்போது படுத்தால் மூச்சு முட்டுகிறது. தலையணைகளை அடுக்கிச் சாய்ந்துகொண்டேதான் தூங்குகிறார். கட்டிலுக்குப் பக்கத்தில் ஆக்சிஜன் மெஷின் உறுமிக்கொண்டே இருக்கும். நெஞ்சுப் படத்தைப் பார்த்த டாக்டர், வேலையில் மாஸ்க் போட்டாரா என்று கேட்டார். வருடா வருடம் சோதனையில் தேறிய மாஸ்க்கைக் கொடுத்திருக்கிறோம் என்று மில் பதில் சொன்னது. அப்படியென்றால் அவர்தான் கழற்றியிருக்க வேண்டும் என்று முடிவாகிவிட்டது. அவரைப் போலவே இருமுகிற மற்ற ஆறேழு பேருக்கும் அதே முடிவுதான்.

தங்கை அவரைச் சும்மா விடவில்லை. நான் பார்க்கப் போயிருந்த அன்று, தலையணையைத் தட்டிச் சரிசெய்துகொண்டே பொரிந்து தள்ளினாள். "வாய மூடிட்டு இருக்க முடியுமா உங்களால? மாஸ்க்க இறக்கி விட்டுட்டு ஊர்க்கதை பேசியிருப்பீங்க. பேச்சு, பேச்சு, எப்பப் பாரு பேச்சு! இப்ப நானும் பிள்ளைகளும் என்ன பண்றது?" சொல்லிவிட்டு அழுதாள்.

"இல்லடி, சத்தியமா கழட்டல." அதற்குள் அவருக்கு மூச்சு வாங்கியது. சற்றுப் பொறுத்து, "வேர்க்கும்போது ஒருவேளை தூக்கி விட்டிருப்பேனோ என்னமோ" என்றார்.

அவள் என் பக்கம் திரும்பினாள். "அண்ணா, நீயே சொல்லு. நீ பாத்துட்டுதானே இருந்த?"

"மாப்பிள்ள கொஞ்சம் அசட்டையாத்தான் இருந்தாரு" என்றேன்.

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "மன்னிச்சிடுங்க மச்சான். ஊருக்கே சொல்லிக்குடுக்கறவர் நீங்க. உங்க பேர நானே கெடுத்துட்டேன்." பரவாயில்லை என்றேன். சொல்லிவிட்டு, தங்கை கொடுத்த டீயைக் குடித்தேன். வெட்கக்கேடு. அதற்குப் பிறகு எப்போது போனாலும் அவர் அந்த மன்னிப்பைக் கேட்காமல் இருப்பதில்லை. இன்னும் எத்தனை நாளைக்குக் கேட்பார் என்று டாக்டராலும் சொல்ல முடியவில்லை.

விசாரணையின் முடிவை இப்போது படித்துக் காட்டினீர்கள். தொழிலாளரின் அலட்சியம் என்று எழுதியிருக்கிறீர்கள். என்னைக் கையெழுத்துப் போடச் சொல்லிவிட்டு, பேனாவைத் தேடும்போது சும்மாதான் கேட்டீர்கள்: நீங்களும் தினம் அந்த அறைக்குப் போய் வந்தவர்தானே, உங்கள் நெஞ்சுப் படம் மட்டும் எப்படி இவ்வளவு சுத்தமாக இருக்கிறது என்று. உடம்பு வாகு என்று சொல்ல வாய்வரைக்கும் வந்தது.

உடம்பு வாகு இல்லை. தண்ணீரை வைத்து எல்லோரையும் தேறவைத்த அன்றே, என் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு அந்த உறையை என் தலையில் கவிழ்த்துக்கொண்டேன். மில் மாஸ்க்கைப் போட்டுக்கொண்டு, அசல் மருந்தை அடித்துப் பார்த்தேன். கசந்தது.

அலட்சியம் என்ற சொல்லை அடித்துவிடுங்கள். மூட்டை கட்டும் அறையில் இப்போது நிற்கிறவர்களை உடனே வெளியே வரச் சொல்லுங்கள். நான் தெரியாமல் செய்துவிட்டேன் என்று இரக்கப்பட்டு எழுத வேண்டாம், தெரிந்தேதான் செய்தேன். மருந்து கசந்த அன்று சாயங்காலமே கடைத்தெருவுக்குப் போனேன். அங்கே அலமாரி நிறைய எல்லா அளவிலும் மாஸ்க் இருந்தது. என் முகத்துக்குப் பொருந்துகிற அளவை எடுத்துக் கொடுத்துவிட்டு, எத்தனை வேண்டும் என்று கடைக்காரர் கேட்டார்.

ஒன்று போதும் என்றேன்.