பேச்சுத்துணை

போனை வைப்பதற்கு முன் "வச்சிடட்டுமா?" என்று கேட்பது நல்ல பழக்கம் சார். கேட்டுவிட்டு, பதில் வரும்வரை காத்திருந்து, பிறகு வைக்க வேண்டும். எங்கள் அணியில் யாருக்கும் அந்தப் பொறுமை கிடையாது.

என்னோடு சேர்த்து ஆறு பேர். ஆளுக்கொரு வீட்டில் ஆளுக்கொரு மூலை. மூன்று வருடமாக என் அலுவலகம் படுக்கையறை மேசையில் இருக்கும் லேப்டாப்தான். "அணித் தலைவர் நீங்கள், எல்லோரும் ஒட்டுறவாக இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள்" என்றது மேலிடம். காலையில் கால் மணி நேரம் அரட்டை, வெள்ளிக்கிழமை சாயந்திரம் விளையாட்டு என்று ஏற்பாடு செய்தேன். வந்தார்கள், கடனே என்று சிரித்தார்கள். நேரம் முடிந்ததும் திரையில் ஒவ்வொரு கட்டமாக அணைந்து, கடைசியில் என் முகம் மட்டும் பெரிதாக நிற்கும். மனைவி பிரிந்து போன பிறகு நான் பேசினால் பதில் குரல் வருவது அந்த அரட்டையில் மட்டும்தான்.

முதலில் பறந்துவிடுவது ஒரு பெண். அதனால் அவளுக்குச் சிட்டு என்று பெயர் வைத்திருந்தோம். ஒன்பதாவது மாடியில் தனியாக இருந்தாள்.

அந்த வெள்ளிக்கிழமை எல்லோரும் போன பிறகு அவளாகவே லேப்டாப்பில் என்னை அழைத்தாள். மூன்று வருடத்தில் அதுதான் முதல் தடவை.

"தப்பா நினைக்காதீங்க சார். ரூம் பூட்டு மக்கர் பண்ணுது, உள்ளயே மாட்டிக்கிட்டேன். போன் ஹால்ல இருக்கு. அக்காகிட்ட வீட்டுச் சாவி இருக்கு, நம்பர் தர்றேன், கொஞ்சம் சொல்லிடறீங்களா? என் இன்சுலின் பிரிட்ஜ்ல இருக்கு, ஒரு வேளைகூட தவறக் கூடாது."

குறித்துக்கொண்டேன். நீங்கள் என் மேசையிலிருந்து எடுத்த தாளில் இருப்பது அந்த நம்பர்தான். ஒரு நிமிடம் கழித்து, "அக்கா கிளம்பிட்டாங்கம்மா, ரெண்டு மணி நேரம் ஆகுமாம். அதுவரைக்கும் பேச்சுத்துணைக்கு நான் இருக்கேன்" என்றேன். நீங்க இல்லைன்னா என்ன ஆயிருக்கும் சார் என்றாள்.

அவளுக்குப் பல்லி என்றால் பயம் என்பது எனக்கு அன்றுதான் தெரியும். மேலதிகாரி இருமுவதுபோல் நான் இருமிக் காட்டியதற்கு விழுந்து விழுந்து சிரித்தாள். கடனே என்று சிரிக்கிற சிரிப்பில்லை அது. "வச்சிடட்டுமா?" என்று அவள் கேட்கவே இல்லை.

ஒரு பொய்யை மறைக்க ஒன்பது பொய் என்பார்கள். அக்காவின் வண்டி பஞ்சரானது, பிறகு வழியில் மறியல், பிறகு பூட்டுத் திறப்பவர் கிடைக்கவில்லை. அவளிடமிருந்த லேப்டாப்பில் அலுவலகத் தளம் தவிர வேறொன்றும் திறக்காது. அது கம்பெனி விதி, நான் வைத்ததில்லை. குழுவில் உதவி கேட்டு அவள் போட்ட செய்திகளை அழித்தது மட்டும் நான். விடுமுறை நாளில் மற்றவர்களை எதற்குத் தொந்தரவு செய்வது?

சனிக்கிழமை பாட்டிலில் தண்ணீர் தீர்ந்தது. வாந்தி எடுத்தாள். மூச்சு வாங்கியது. சார் என்பது போய் அண்ணா என்று கூப்பிட ஆரம்பித்தாள். எனக்குக் கூடப் பிறந்தவர்கள் கிடையாது சார். கண் கலங்கிவிட்டது.

மத்தியானம் ஹாலில் அவள் போன் அடித்தது எனக்கும் கேட்டது.

"அக்காதான்ணா. கீழ வந்துட்டாங்க போல."

"ஆமாம்மா, வந்துட்டாங்க."

அவள் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். போன் ஓய்ந்தது. அதன் பிறகு அவள் அதிகம் பேசவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பதில் நின்றது. நான் பேச்சை நிறுத்தவில்லை. திங்கட்கிழமை காலை அரட்டையில் சிட்டு எங்கே என்று கேட்டார்கள். லீவு என்றேன். என் திரையின் ஓரத்தில், தனி அழைப்பில், அவள் கட்டம் அணையாமல்தான் இருந்தது. போன் எடுக்கவில்லையே என்று அவள் அக்கா ஓடிவந்து அறைக் கதவை உடைத்தபோது, உள்ளே என் குரல் மட்டும் கேட்டுக்கொண்டிருந்ததாம்.

பூட்டியது நானில்லை. ஆனால் அந்த நம்பரை நான் ஒரு தடவைகூட அழுத்தவில்லை. கதவு திறந்தால் அவள் வைத்துவிடுவாள். அதற்காகத்தான். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

ஒன்றே ஒன்று. அவள் தனியாகச் செத்தாள் என்று மேலே எழுதியிருக்கிறீர்கள். அதை அடித்துவிடுங்கள் சார், அது பொய்.