பாசி போகாத தொட்டி

வாளியை அங்க வைக்காதீங்க தம்பி, கதவு திறக்கற இடம் அது. இப்படிச் சுவரோரமா வைங்க. ஆமா, அப்படித்தான். எலி புடிக்க ஆள் வருவாங்க, கரையானுக்கு மருந்தடிக்க ஆள் வருவாங்க, பாசி வழிக்கறதுக்குன்னு கூட ஒரு சர்வீஸ் இருக்குன்னு எனக்கு இன்னிக்குத்தான் தெரியும். யாரு அனுப்பினாங்கன்னு நீங்க சொல்லவே வேணாம். என் வீட்டுக்காரர்தான். இந்த வீட்டுல அந்த மனுஷன் தானா வந்து செஞ்ச வேலை இது ஒண்ணுதான். இப்ப அதுக்கும் பதிலா ஒரு ஆளை வெச்சாச்சு.

எங்க இருக்காருன்னா? ஆபீஸ் பக்கத்துல ஒரு ரூம் எடுத்துத் தங்கியிருக்காரு. உங்ககிட்ட சொல்லலையா? வெக்கமா இருந்திருக்கும். யோசிக்கணுமாம். இந்த வீட்டுல இருந்தா யோசிக்க முடியலையாம். ஒரு பெட்டி, லேப்டாப்பு, ரெண்டு தலையணை, எடுத்துட்டு யோசிக்கப் போயிட்டாரு தொரை. வேற பொம்பளைன்னா கூட பரவால்ல, நேராப் போய் நாலு வார்த்தை கேட்டுட்டு வரலாம். யோசனையோட எப்படிங்க சண்டை போடறது?

இந்த மீன் தொட்டியை மட்டும் எடுத்துட்டுப் போக முடியல. கடல் தண்ணி, கல்லு, அதுல ஒட்டிக்கிட்டு உசுரோட இருக்கற பவளம்னு இத்தனையும் இருக்கு. அந்த ரூம் ஓனரு தண்ணித்தொட்டி எல்லாம் கூடாதுன்னுட்டாராம். அதனால என்னையும் இதையும் இங்கயே விட்டுட்டுப் போயிட்டாரு. கூடவே அவங்க அம்மாவையும்.

பாருங்க, நல்லாப் பாருங்க. பச்சை முடி மாதிரி தொங்குது இல்ல? சீப்பு வெச்சு சீவி விடலாம். மன அமைதிக்குன்னு வாங்கினது. ஒரு சூட்கேஸ் அளவுதான் இருக்கு, இதுக்குள்ள அமைதி எங்கேர்ந்து வரும்னு நான் அன்னிக்கே கேட்டேன். உனக்கு ரசனை இல்லைன்னாரு. எனக்கு ஜுரம் வந்தப்ப தெர்மாமீட்டர் எங்க வெச்சேன்னு என்கிட்டயே வந்து கேட்ட ஆளு, இந்தத் தண்ணிக்கு காலையும் சாயந்தரமும் சூடு பாத்தாரு. ரசனைன்னா அதான் போல.

என்னென்ன செஞ்சு பாத்தீங்கன்னு கேக்கறீங்களா? உக்காருங்க, சொல்றேன். முதல்ல வெளிச்சம் ஜாஸ்தின்னாங்க, போர்வையைப் போட்டுத் தொட்டியை மூடினாரு. மூணு நாளைக்கு நாங்களும் ஹால்ல லைட் போடக் கூடாது. போர்வையை எடுத்தாரு, ஒரே வாரத்துல பாசி திரும்ப வந்து உக்காந்துக்கிச்சு. அப்புறம் குழாய்த் தண்ணி ஆகாதுன்னாங்க. சொட்டு சொட்டா வடிகட்டற மெஷின் ஒண்ணு வாங்கினாரு. பாத்ரூம்ல மனுஷன் குளிக்க இடமில்ல. அப்புறம் நத்தை. நத்தை பாசியைத் திங்குமாம். திங்குது, இல்லைன்னு சொல்லல. ஆனா கண்ணாடியிலேர்ந்து வழுக்கி மல்லாக்க விழுந்துச்சுன்னா அதுக்குத் தானா நிமிந்துக்கத் தெரியாது. அப்படியே கிடந்து சாகும். வந்து சேர்ந்த வீடு சரியான வீடுதான்னு நெனச்சுக்கிட்டேன்.

நண்டும் விட்டாரு. அந்த ஓட்டுக்குள்ள ஒளிஞ்சிருக்குமே, அந்தக் குட்டி நண்டு. அது பாசியைத் தொடவே இல்ல. மிச்சமிருந்த நத்தையைக் கொன்னு தின்னுட்டு அதோட ஓட்டுக்குள்ள குடி போயிடுச்சு. சிரிக்கறீங்க. நானும் சிரிச்சேன். அவருக்குக் கோவம் வந்துடுச்சு.

இதுக்குன்னு ஒரு வாட்ஸ்அப் குரூப் வேற. எல்லாம் ஆம்பளைங்க. ராத்திரி பகல்னு இல்லாம பாசி போட்டோ அனுப்பிக்குவாங்க. ப்ரோ, இதைப் பாருங்க ப்ரோ, இது முடிப்பாசியா குமிழிப்பாசியா ப்ரோ. பெத்த புள்ளைக்குத் தடுப்பூசி தேதி தெரியாத ஆளுங்களா இருப்பாங்க அத்தனை பேரும். அதுல ஒருத்தன் சொன்னான்னு பழுப்புக் கலர்ல ஒரு பொடி வாங்கிப் போட்டாரு. அதுக்கும் ஒண்ணும் அசையல.

நான் என்ன வேலை பாக்கறேனா? பல் லேப்ல இருக்கேன். டாக்டருங்க அச்சு எடுத்து அனுப்புவாங்க, நான் பல் செட்டு கட்டிக் குடுப்பேன். அதனால சொல்றேன், பல்லுல படியறதும் இதுவும் ஒரே ஜாதிதான். எவ்வளவு வேணா தேய்ங்க, உள்ள போற தீனி நிக்காம அது நிக்காது. இதை அவர்கிட்டயும் சொன்னேன். என் பழைய டூத் பிரஷ்ஷை எடுத்துட்டு வந்து கல்லைத் தேச்சுக்கிட்டே, உனக்குத் தெரியாது சும்மா இருன்னாரு. தெரியாதாம். சரின்னு சும்மா இருந்துட்டேன்.

தண்ணியில மருந்து விட்டுப் பாக்கறீங்களா? பாருங்க. அந்தக் கலர் அட்டையை ஜன்னல்கிட்ட கொண்டு போங்க, அங்கதான் வெளிச்சம் சரியா இருக்கும். அவரும் அங்க நின்னுதான் பாப்பாரு. ஞாயித்துக்கிழமை காலையில வந்துடுவாரு. ஆமாங்க, இதுக்குன்னுதான் வருவாரு, வேற எதுக்கு? அம்மாவைப் போன்ல பாத்துக்கலாம், பாசியைப் போன்ல சுரண்ட முடியாதே. முதல்ல எல்லாம் அரை மணி நேரம், தேச்சோமா போனோமான்னு இருப்பாரு. என்கிட்ட ஒரு வார்த்தை பேச மாட்டாரு. தண்ணிகிட்டதான் பேச்சு. அப்புறம் பாசி ஜாஸ்தியாக ஆக, நேரமும் ஜாஸ்தியாச்சு.

பழைய தண்ணியை இறக்கறப்ப குழாய் முனையை வாளியில ஒருத்தர் புடிச்சுக்கணும் இல்ல? உங்களுக்குத் தெரியும். ஒரு கை அந்தப் பக்கம், ஒரு கை இந்தப் பக்கம், ஒருத்தரால ஆகாது. நான்தான் புடிச்சுக்குவேன். வேண்டா வெறுப்பாத்தான். ஒரு நாள் முனை நழுவி உப்புத் தண்ணி மூஞ்சி மேல அடிச்சுது. துப்பிட்டு நிமிந்தா, அந்த மனுஷன் சிரிக்கறாரு. வயித்தைப் புடிச்சுக்கிட்டு சிரிக்கறாரு. இந்த ஆளுக்கு இப்படிச் சிரிக்கத் தெரியுங்கறதே எனக்கு மறந்து போயிருந்துச்சு. அன்னிக்கு சாப்பிட்டுட்டுத்தான் போனாரு. சரி, அதை விடுங்க.

என்ன கலர் வந்துச்சு? அவ்வளவு அடர்த்தியாவா? தண்ணியில அவ்வளவு கழிவா?

வேற என்ன சொன்னாரு உங்ககிட்ட? ஒரு மாசத்துல பளிச்சுன்னு ஆக்கிக் குடுங்கன்னாரா? எனக்குத் தெரியும். ஆபீஸ்ல எவனோ வாங்கிக்கறேன்னு சொல்லியிருக்கானாம், பாசியோட மட்டும் வேணாமாம். சுத்தமாச்சுன்னா தொட்டி போயிடும். தொட்டி போயிட்டா ஞாயித்துக்கிழமை இந்தத் தெருப்பக்கமே தலை காட்ட வேணாம். அந்த ரூம்ல உக்காந்து நிம்மதியா யோசிக்கலாம். நல்லதுதான். எனக்கும் இடம் மிச்சம், அங்க ஒரு செருப்பு ஸ்டாண்டு வெச்சுக்குவேன்.

பவளமா? எது, அந்த ஊதாப் பூ மாதிரி இருக்கே, அதுவா? அதைச் சுத்தி மட்டும் சுத்தமாத்தான் இருக்கு. நத்தை தின்னிருக்கும். ஓ, நத்தைதான் ஒண்ணும் இல்லைன்னு சொன்னேன் இல்ல. என்னமோ, தானா அப்படி இருக்கு போல. உங்களுக்கு எல்லாத்துக்கும் காரணம் வேணுமா?

தீனி யாரு போடறாங்கன்னா, எங்க மாமியார். நான் அந்தப் பக்கமே போறதில்ல. அவங்களைப் பத்திச் சொல்லணும்னா அதுக்குத் தனியா ஒரு நாள் வேணும். புள்ள பெட்டியைத் தூக்கிட்டுப் போறப்ப, ஏண்டா போறேன்னு ஒரு வார்த்தை கேக்கல. சாப்பிட்டுப் போடான்னாங்க. அவ்வளவு விவரம். அவரு போன கொஞ்ச நாள்ல ஒரு நாள் நான் லேப்லேர்ந்து சீக்கிரமா வந்துட்டேன். பாத்தா தொட்டி முன்னாடி நிக்கறாங்க, கையில டப்பா. ஒரு சிட்டிகை போட வேண்டிய இடத்துல ஒரு கையளவு அள்ளி விடறாங்க. மீனு ரெண்டும் தின்ன முடியாம தெணறுது. என்ன அத்தை இதுன்னேன். வாயில்லா ஜீவன், பசிக்கும்னாங்க. பசிக்குமாம். காலையில நான்தான் போட்டிருக்கேன், அவங்களுக்கும் அது தெரியும்.

அப்ப எனக்கும் புரியல தம்பி. அந்த வாரம் பாசி பொங்கி வழிஞ்சுது. ஞாயித்துக்கிழமை புள்ள வந்து மத்தியானம் வரைக்கும் தேச்சாரு. இவங்க முகம் கழுவி, தலை சீவி, நாற்காலியை இழுத்துப் போட்டுக்கிட்டு, புள்ள தேய்க்கறதையே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தாங்க. அன்னிக்குத்தான் புரிஞ்சுது. படிக்காத பொம்பளை, எழுந்து நடக்கவே முட்டி வலி, ஆனா எதைப் போட்டா எது வளரும்னு மட்டும் சரியாத் தெரிஞ்சிருக்கு. அந்த வாட்ஸ்அப் குரூப்புல இருக்கற அத்தனை அறிவாளியும் சேர்ந்தாலும் இதைக் கண்டுபுடிக்க முடியல.

சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லணும்? அவருக்குத்தான் எல்லாம் தெரியுமே. நான் கண்டுக்கல. டப்பா காலியானா புது டப்பா வாங்கி அதே இடத்துல வெச்சேன். அவங்களும் ஒண்ணும் கேக்கல. நானும் அவங்களும் ஒரே விஷயத்துல ஒத்துப்போனது கல்யாணம் ஆன நாள்லேர்ந்து அது ஒண்ணுதான்.

அவங்களைக் கூப்பிடணுமா? எதுக்கு? தீனியைக் குறைக்கச் சொல்லிப் பக்குவமாப் பேசறீங்களா? பேசுங்க. ஆனா இங்க இல்லையே அவங்க. பொண்ணு வீட்டுல இருக்காங்க. முட்டி ஆபரேஷன் பண்ணி நாத்தனார் அங்கயே கூட்டிட்டுப் போயிட்டாங்க. நல்லாத்தான் இருக்காங்க, இப்ப கம்பு ஊனி நடக்கறாங்களாம். அது ஆச்சுங்க ரெண்டு மாசத்துக்கு மேல.

என்ன, அந்தத் தீனி டப்பாவை எடுத்துப் பாக்கறீங்க?

டப்பாவைக் கீழ வைங்க. ஆமா, புதுசுதான். பாதி காலிதான். திருப்பித் திருப்பிப் பாக்காதீங்க, அதுல ஒண்ணும் எழுதியிருக்காது. இந்த வீட்டுல நான் ஒருத்திதான் இருக்கேன். அப்புறம் யாரு போடுவா? அந்த நண்டா வெளிய வந்து போடும்?

அந்தப் பவளத்தைச் சுத்திப் பாசியை எடுக்கறதும் நான்தான். லேப்ல மெழுகு எடுக்கற சின்ன இடுக்கி ஒண்ணு இருக்கு, அதை வெச்சு ஒவ்வொரு முடியா. அது என்ன பாவம் பண்ணுச்சு, மூச்சு முட்டி சாகறதுக்கு? ஒரு பக்கம் வளக்கறது, ஒரு பக்கம் புடுங்கறது. பைத்தியக்காரின்னு நெனச்சுக்கோங்க, தப்பில்ல. நான் அவரைத்தான் அப்படிச் சொல்லிக்கிட்டு இருந்தேன், கண்ணாடியில பாத்தா எனக்கே சிரிப்பா இருக்கு. அவரு வரலைன்னா எனக்கு என்னமோ போல இருக்குங்க. இங்க இருக்கற அந்தக் கொஞ்ச நேரம், என்னைப் பாக்காம தண்ணியைப் பாத்துப் பேசினாலும் பரவால்ல, வீட்டுல ஒரு குரல் கேக்குது. அவ்வளவுதான். இதைப் போய் அவர்கிட்ட என் வாயால சொல்லுவேன்னு நெனக்காதீங்க. செத்தாலும் சொல்ல மாட்டேன்.

ஐயோ, இந்தப் பாசி போகவே போகாதுன்னு அவர்கிட்ட பொய்யெல்லாம் சொல்ல வேணாம் தம்பி. உங்க தொழிலுக்கு எதுக்கு அந்தக் கெட்ட பேரு? வந்த வேலையைச் செய்யுங்க. கண்ணாடியைத் தேய்ங்க, தண்ணியை மாத்துங்க. குழாய் முனையைக் குடுங்க, நான் புடிச்சுக்கறேன், எனக்குப் பழக்கம்தான். முடிச்சுட்டு அவருக்குப் போன் பண்ணுவீங்க இல்ல, அப்ப உள்ளதை உள்ளபடி சொல்லுங்க. ஊத்தற தண்ணி நல்ல தண்ணிதான், வெளிச்சமும் சரியாத்தான் இருக்கு, தீனிதான் ஜாஸ்தியா விழுது, யாரோ வேணும்னே அள்ளிப் போடறாங்கன்னு சொல்லுங்க. அதுக்கு மேல ஒரு வார்த்தையும் சேக்காதீங்க. அவங்கம்மா இங்க இல்லைங்கறது அவருக்குத் தெரியும். யோசிக்கத்தானே போயிருக்காரு, இதையும் உக்காந்து யோசிக்கட்டும்.