வயலோரத்து ஆஷ் மரம்

"காத்தைப் பார்க்காம பரண் ஏறினேன்னு வை, காலையில நீ என்ன தின்னேங்கறது வரைக்கும் மானுக்குத் தெரிஞ்சுடும்" என்றேன்.

"முட்டையும் பன்றிக்கறியும்தான். அதுல என்ன ரகசியம், ஓர்லின்?" என்று சிரித்தான் ப்ரென்ட்.

ப்ரென்ட் என் மகள் மர்னாவின் கணவன். மில்வாக்கி நகரத்துப் பையன். நல்லவன். எனக்கு அவன்மேல் ஒரு நாளும் கோபம் வந்ததில்லை. அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள், ஷெரீப் ஐயா.

மான் வேட்டைப் பரணுக்கு இடம் எப்படித் தேர்ந்தெடுத்தேன் என்று கேட்டீர்கள். நவம்பரில் எங்கள் பக்கம் வடமேற்குக் காற்று. மான்கள் பகலெல்லாம் மேட்டுக் காட்டில் படுத்திருந்துவிட்டு, பொழுது சாய்ந்ததும் மக்காச்சோள வயலில் இறங்கும். ஆகவே அவற்றின் தடத்துக்குத் தென்கிழக்கே பரண் இருக்க வேண்டும். மானின் வாடை நம்மிடம் வரும், நம்முடையது அதனிடம் போகாது. காலை வெயில் முதுகில் விழும். குண்டு தவறினாலும் மேட்டு மண்ணில் புதையும், யார் வீட்டுக்கும் போகாது. அந்த மூலையில் இதெல்லாம் பொருந்தியது. யாரை வேண்டுமானாலும் கூட்டிப்போய்க் காட்டுங்கள், குறை சொல்ல மாட்டார்கள்.

கிறிஸ்துமஸுக்குள் அவர்கள் அரிசோனாவுக்குக் குடிபோவதாக இருந்தது. ப்ரென்ட்டுக்கு அங்கே வேலை, அவன் அக்காவும் அங்கேதான். மனைவி போனபிறகு எனக்கு மர்னாதான் எல்லாம். அவள் போகாமல் இருந்தால் தேவலை என்று நினைத்தேன், சொல்லவில்லை. எங்கள் ஆட்கள் வாய்விட்டு எதையும் கேட்க மாட்டார்கள். காப்பியைக்கூட மூன்றாம் தடவை உபசரித்தால்தான் எடுத்துக்கொள்வோம்.

அந்த மூலையில் இரண்டு மரங்கள் நின்றன. ஒன்று ஓக், இன்னொன்று ஆஷ். எங்கள் வட்டாரத்து ஆஷ் மரங்களையெல்லாம் பச்சை வண்டு துளைத்துத் தீர்த்துவிட்டது உங்களுக்கே தெரியும். கோடையில் இலையில்லாமல் நிற்பதைப் பார்த்தே செத்த மரத்தைக் கண்டுபிடித்துவிடலாம். நவம்பரில் எல்லா மரமும் மொட்டைதான். உயிருள்ளதும் இல்லாததும் பக்கத்தில் பக்கத்தில் ஒரே மாதிரி நிற்கும். ப்ரென்ட் நவம்பரில்தான் அந்த மூலைக்கு முதல்முதலாக வந்தான்.

ஆனாலும் அவன் கண் கூர்மை. "பட்டை ஏன் இப்படி வெளுத்துக் கிடக்கு?" என்று கேட்டான். உள்ளே இருக்கும் புழுவுக்காக மரங்கொத்தி உரித்த இடம் அது.

"கலைமான் கொம்பை உரசியிருக்கும்" என்றேன்.

"அவ்வளவு உசரத்துலயா?"

"பெரிய மானா இருக்கும்."

விழுந்து விழுந்து சிரித்தான். "மில்வாக்கிக்காரன்னா என்ன வேணா சொல்லலாம், இல்ல?" என்றான். நானும் சிரித்தேன். பிறகு அவன் கேட்கவில்லை.

ஏணிப்பரணை அந்த ஆஷ் மரத்தில் சாய்த்து இருவருமாகத்தான் நிமிர்த்தினோம். பரணை மரத்தோடு கட்டும் இறுக்குவாரை நான் முறுக்கினேன். மரத்துக்குள் ஏதோ காய்ந்த சத்தம் கேட்டது. கொஞ்சம் தளர்த்திக் கட்டினேன். மரத்தோடு உடம்பைப் பிணைக்கும் பாதுகாப்புக் கச்சை ஒன்று உண்டு. அவனுக்கு அது பிடிக்காது, இறுக்குகிறதாம். "போட்டுக்கோடா, இல்லைன்னா மர்னா என்னைத் தின்னுடுவா" என்று நானே வற்புறுத்தி, கொக்கியையும் மாட்டிவிட்டேன். கச்சை இல்லாமல் இருந்திருந்தால் பக்கத்துப் புதரில் குதித்திருப்பான். மரம் பாதியில் முறிந்தபோது அவனையும் சேர்த்துக்கொண்டு விழுந்தது. அதன் அடியிலேயே செத்துப்போனான்.

ஓக் மரத்துக்கு என்ன குறை என்று கேட்கிறீர்கள். ஒரு குறையும் இல்லை. இவ்வளவு நாளில் இதைக் கேட்டவர் நீங்கள் ஒருவர்தான். மற்றவர்கள் என் தோளில் கைவைத்துவிட்டுப் போனார்கள்.

ஒரு கால் உடையும், பனிக்காலம் முழுக்க இந்த வீட்டில் படுத்திருப்பான், மர்னா சூப் வைத்துக் கொடுப்பாள் என்றுதான் நினைத்தேன். அப்படித்தான் எனக்கு நானே சொல்லி வைத்திருந்தேன். கொக்கி மாட்டிய கைக்குத் தெரியும்.

அந்த அடிமரத்தை அறுத்து எரித்துவிட்டேன். ஆனால் மான்கள் வயலுக்கு வருகிற வழியில், இந்த ஜன்னலிலிருந்து பார்த்தாலே தெரியும், அந்த மூலையில் நிற்கின்றன. தலையைத் தூக்கி, பரண் இருந்த உயரத்தைப் பார்க்கின்றன. அங்கே ஆகாயம்தான் இருக்கிறது. எதன் வாடையோ பட்டதுபோல் மூக்கை விடைக்கின்றன. பிறகு ஒவ்வொன்றாகத் திரும்பி இந்த ஜன்னலைப் பார்க்கின்றன. திரையைப் போட்டுப் பார்த்துவிட்டேன், ஐயா. திரைக்கு அந்தப் பக்கமும் அவை பார்த்துக்கொண்டுதான் இருக்கின்றன.

இன்று காலை மர்னா புறப்பட்டாள். தனியாக, அதே அரிசோனாவுக்கு, அவன் அக்கா வீட்டுக்கு. அவள் வண்டி போன பிறகுதான் உங்களைக் கூப்பிட்டேன்.

பெட்டியை ஏற்றிவிட்டு வண்டிக் கதவைப் பிடித்தபடி நின்றாள்.

"அப்பா, ப்ரென்ட் சொல்லிக்கிட்டே இருந்தான். உங்கப்பா வாயைத் திறந்து ஒரு தடவை கேட்கட்டும், அந்த வேலையே வேணாம்னுடறேன்னு."

நான் அவள் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"கடைசி வரைக்கும் காத்திருந்தாம்பா. அந்த வாரம்கூட. பரண் வைக்கக் கூட்டிட்டுப் போறாரே, இன்னைக்காவது கேட்டுடுவார்னு சொல்லிட்டுத்தான் வந்தான்."

வண்டியில் ஏறி உட்கார்ந்தாள். கதவைச் சாத்தினாள். நான் கண்ணாடியைத் தட்டினேன். அவள் இறக்கினாள்.

"போகாதேம்மா" என்றேன். "இங்கயே இருந்துடேன்."