காலை வருகைப் படம்

ஓடுகிறேன். கையில் போன். குளத்தில் டவர் கிடைக்காது. பிள்ளையார் கோயிலுக்குப் போனால்தான் கிடைக்கும். 108-ஐக் கூப்பிட வேண்டும். பின்னால் இன்னும் கல் விழுகிறது. தொப். தொப். ஈர மண்ணில். ஒன்று இரும்புச் சட்டியில் விழுந்து கணீர் என்கிறது.

"குனிங்கட்டி! அங்கன நிக்காதீங்க!"

யார் கத்தியது என்று இன்றுவரை தெரியாது. நானாகவும் இருக்கலாம்.

கடையம் பக்கம் எங்கள் ஊர். அது ஆனி மாதம். செவ்வாய்க்கிழமை. சாரல் காற்று. நூறு நாள் வேலையில் குளம் தூர் வாரினோம். நான் பணித்தளப் பொறுப்பாளர். காலையில் ஒரு தடவை, மதியம் ஒரு தடவை எல்லாரையும் வரிசையாக நிறுத்தி ஆப்பில் படம் எடுக்க வேண்டும். நேரமும் இடமும் படத்திலேயே பதியும். நாங்கள் ஏய்த்துவிடக் கூடாதாம். அதற்குத்தான் அந்த ஆப். எனக்கு அதைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும்.

காலை பத்து இருபத்திரண்டு. பதினோரு பெண்களும் குவாரி மலைக்கு முதுகு காட்டி நின்றார்கள். ஓரத்தில் இசக்கியம்மாள். என் சித்தி மகள். மகளைப் போலீஸில் சேர்த்துவிட்டுத்தான் மண்வெட்டியைக் கீழே போடுவேன் என்பாள். கொஞ்சம் சிரியேன் என்றேன். சிரித்தாள். அமுக்கினேன். அமுக்கும்போதே திரையில் மலைமேல் வெள்ளைத் தூசி எழும்பியது. சத்தம் பிறகுதான் வந்தது. நெஞ்சில் மோதியது. குவாரியில் வெடி வைக்குமுன் ஊதும் விசில் ஊதவில்லை. சிவப்புக் கொடி இல்லை. இசக்கியம்மாள் ஓடினாள். பிடரியில் கல். ஒரு சத்தம்கூடப் போடவில்லை.

கோயில் வாசலில் டவர் கிடைத்தது. ஆம்புலன்ஸுக்குச் சொல்லி முடித்ததுமே குவாரி ஆட்கள் இருவர் பைக்கில் வந்துவிட்டார்கள்.

"எக்கா, படம் ஏதும் எடுத்தியளா? போனக் குடுங்க."

திரையில் வட்டம் சுற்றுகிறது. படம் இன்னும் மேலே, சர்க்கார் கம்ப்யூட்டருக்குப் போகவில்லை. ஆம்புலன்ஸுக்கு வழி சொல்ல வேண்டும், பொறுங்கள் என்றேன். யாரும் இல்லாத போனில் வழி சொன்னேன். ஒவ்வொரு வளைவாகச் சொன்னேன். வட்டம் சுற்றுகிறது. ஒருவன் என் மணிக்கட்டைப் பிடித்தான். பச்சை டிக் விழுந்தது. போனைக் கொடுத்தேன். கோயில் கிணற்றில் எறிந்தான்.

இசக்கியம்மாள் தென்காசி ஆஸ்பத்திரிக்கு உயிரோடு போய்ச் சேரவில்லை.

அன்று வெடியே வைக்கவில்லை என்றார்கள் குவாரிக்காரர்கள். கரையில் வழுக்கி விழுந்தாளாம். மற்றப் பெண்களின் போன்களையும் பிடுங்கி, எடுத்ததையெல்லாம் அழித்திருந்தார்கள். இன்னொன்றும் சொன்னார்கள். மதியப் படம் இல்லை. அதனால் வருகைக் கணக்கில் அன்று யாருமே வேலைக்கு வரவில்லை. குளத்தில் ஆளே இல்லாதபோது கல் யார்மேல் விழும்? நாங்கள் என்ன, பிணத்தை வைத்துக்கொண்டு மறுபடி வரிசையில் நிற்கவா?

தென்காசியில் ஒரு பெண் வக்கீல். காலைப் படம் எங்கே போனது என்று அவர்தான் கேட்டார். மேலே போய்விட்டது என்றேன். தகவல் உரிமைச் சட்டத்தில் எழுதிக் கேட்டார். மாதக்கணக்கில் அலைந்தோம். விசாரணை நாளன்று பஸ் முழுக்கக் குற்றாலத்துக்குக் குளிக்கப் போகிறவர்கள். தோளில் துண்டு, ஒரே எண்ணெய் வாசம். நான் நின்றுகொண்டே போனேன். வக்கீல் அந்தப் படத்தைக் கோர்ட்டு மேசையில் வைத்தார். பதினோரு முகம். பின்னால் தூசி. கீழே நேரம், இடம். எங்களை வேவு பார்க்க வந்தது எங்களுக்காகச் சாட்சி சொன்னது. குவாரியை மூடச் சொன்னார்கள். மேல்முறையீடு நடக்கிறது.

எனக்கு நிம்மதி இல்லை. லாரி டயர் வெடித்தால் ஓடுகிறேன். இப்போதும் மலை தெரியும்படிதான் பெண்களை நிறுத்துகிறேன். அவர்கள் திரும்பித் திரும்பிப் பார்க்கிறார்கள். முகம் விழுவதில்லை. மறுபடி எடுக்கிறேன்.

அம்மா சிரித்த படம் இது ஒன்றுதான் என்று சொல்லி இசக்கியம்மாளின் மகள் அதைக் கேட்டாள். தென்காசி ஸ்டூடியோவுக்குக் கூட்டிப் போனேன். அம்மாவை மட்டும் தனியாக எடுத்து, பின்னால் இருக்கும் தூசியை நீக்கி நீல வானம் போட்டுத் தருவதாகச் சொன்னார் கடைக்காரர். மகள் படத்தைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

"வேண்டாம் அண்ணாச்சி. அது இருக்கட்டும்."

குவாரியால் எங்கள் ஊருக்குப் போனவை இவை. ஒரு போன். இரண்டு ஆடுகள். வெடியில் விரிசல் விட்ட ஆறு வீட்டுச் சுவர்கள். பாதி மலை. இசக்கியம்மாள், வயது நாற்பத்தொன்று. படத்தில் பதினோரு பேர் நிற்கிறார்கள். அவர்களில் பத்துப் பேர்தான் இப்போது குளத்துக்கு வருகிறார்கள். அவள் இடத்தில் இப்போது நான் மண்வெட்டி பிடிக்கிறேன், படமும் எடுக்கிறேன், படத்தில் நான் இல்லை.