விட்டுப்போன நூற்று நாலு

கருணாகரன்: கையெழுத்துப் போடாத மதி. பேனாவை மூடி வை.

மதி: நைனா, ஆபீஸ் சார் எதிர்லயே...

கருணாகரன்: சார் இருந்தா இன்னா? தப்பு என்னுதுன்னு எம் பொண்ணுகிட்ட எழுதி வாங்க காலடிப்பேட்டைக்கே தேடி வந்துகீறாரு. நான் கேக்கக் கூடாதா?

ரகுபதி: கேளுங்க ஐயா. எனக்கும் இதுல சந்தோஷம் இல்ல. மேல கேக்குறாங்க.

கருணாகரன்: கையெழுத்துப் போட்டா இன்னா ஆவும்?

ரகுபதி: வேலை போயிடும்.

மதி: போனா போவுது நைனா. வேற கம்பெனியே இல்லியா?

கருணாகரன்: வேலையா பெருசு? தொண்ணூத்தெட்டுல நான் ரிட்டையர் ஆவுற வரைக்கும் முப்பத்திநாலு வருஷம் துறைமுகத்துல டேலி கிளார்க்கு. கப்பல்லேர்ந்து எறங்குற ஒவ்வொரு மூட்டையும் எண்ணி எழுதுனவன். ஒண்ணு கொறஞ்சுது, ஒண்ணு கூடிச்சுன்னு எவனும் வாயைத் தொறந்ததில்ல. இந்த வூட்டுக் கையெழுத்து தப்புக்குக் கீழ வந்ததே கெடையாது.

ரகுபதி: இன்னிக்கு எர்ணாவூர் பக்கம் போனீங்களா?

கருணாகரன்: எங்க போறது? பஸ்ஸே வரலியே. லாரியா நின்னுகினு கீது. ஏதோ ஸ்ட்ரைக்குன்னாங்க.

ரகுபதி: ஸ்ட்ரைக் இல்ல. எங்க கன்டெய்னர் யார்டு கேட்டைத் தொறக்க முடியல.

கருணாகரன்: இன்னாது?

ரகுபதி: எந்தக் கன்டெய்னர் எங்க நிக்குதுன்னு எல்லாம் கம்ப்யூட்டர்லதான் இருந்தது. நாலாயிரத்தி சொச்சம் கன்டெய்னர். இப்ப அந்தக் கணக்கே இல்ல. அழிஞ்சுபோச்சு.

கருணாகரன்: அய்யய்யோ... நாலாயிரமுமா?

மதி: டேப்புல காப்பி கீது நைனா. ஏத்திகினு கீறாங்க. நாளைக்கு வந்துடும்.

ரகுபதி: வெள்ளிக்கிழமை வரைக்கும் இருந்ததுதான் வரும். சனி, ஞாயிறு வந்ததை ஆளுங்க நடந்து போய் ஒவ்வொண்ணா எண்ணணும்.

கருணாகரன்: எவன்யா அழிச்சது?

ரகுபதி: மிஷின்தான். நாங்க சொல்லி.

கருணாகரன்: நீங்களே சொல்லியா! இன்னாங்க இது?

ரகுபதி: பீரோ உயரத்துக்கு ஒரு மிஷின் ஐயா. உள்ள பூரா டிஸ்க்கு. அதைத் தட்டுத் தட்டா பிரிச்சு நம்பர் போட்டு வச்சிருக்கோம். பழைய தட்டு பதினேழைக் காலி பண்ணணும். ஒவ்வொண்ணுக்கும் கமாண்டு அடிச்சா நேரம் போவும்னு மதி ஒரு ஸ்கிரிப்ட் எழுதினா. நம்பர் லிஸ்ட்டைக் குடுத்தா போதும், அதுவே படிச்சுப் படிச்சு அழிச்சுகினே போவும்.

கருணாகரன்: ஒரு வார்த்தை கேக்காமலா?

ரகுபதி: கேக்கும். 'நிச்சயமா?'ன்னு ஒவ்வொரு தடவையும் கேக்கும். அதுக்கும் 'ஆமா'ன்னு முன்னாடியே எழுதி வச்சிருந்தோம்.

கருணாகரன்: பேஷ்! கேள்வி வர்றதுக்கு முன்னாடியே பதிலு! சரி, லிஸ்ட்டையாவது யாரும் சரிபாக்கலியா?

ரகுபதி: ரெண்டு பேர் பாக்கணும். ரெண்டாவது ஆளு... நான்.

கருணாகரன்: பாத்தீங்களா?

ரகுபதி: கையெழுத்துப் போட்டேன்.

கருணாகரன்: பாத்தீங்களான்னு கேட்டேன்.

ரகுபதி: மதி குடுத்தா சரியாத்தான் இருக்கும்னு... பாக்கல.

கருணாகரன்: பாக்காம கையெழுத்து! வெக்கமா இல்ல? அடுத்தவங்க வேலையில கை வச்சவன், மொதல்ல அவன் வந்து நிக்கணும். அப்பறம்தான் எம் பொண்ணு.

ரகுபதி: என் பேரும் அந்தத் தாள்ல கீது ஐயா. லிஸ்ட்டும் கொண்டாந்துகீறேன். பாருங்க.

மதி: மோர் கொண்டாரவா சார்? அந்தத் தாளை மடிச்சு உள்ள வைங்க. வேணாம்...

கருணாகரன்: ஏன் பதறுற? இப்டி குடுங்க அத. கண்ணாடி எங்க... ம். நூத்தி ஒண்ணு, ரெண்டு, மூணு... நூத்திப் பதினெட்டு. வரிசை சுத்தமா கீதே! ஒண்ணு கூட விட்டுப்போவல. இதுல இன்னா தப்பு கண்டுபிடிச்சீங்க?

ரகுபதி: விட்டுப்போவாததுதான் தப்பு. நூத்தி நாலு அதுல இருக்கவே கூடாது.

கருணாகரன்: இன்னா?

ரகுபதி: யார்டு கணக்கு முழுக்க அந்தத் தட்டுலதான் இருந்தது. அழியவேண்டியது பதினேழு. அழிஞ்சது பதினெட்டு.

கருணாகரன்: எந்த நம்பருன்னீங்க?

ரகுபதி: நூத்தி நாலு.

கருணாகரன்: நூத்தி... நாலா?

ரகுபதி: அதுவும் எப்படி எழுதிகீது பாருங்க. மத்ததெல்லாம் மூணு இலக்கம். இது மட்டும் முன்னால சைபர் போட்டு 0104. மிஷினுக்கு சைபரு ஒரு பொருட்டில்ல, நூத்தி நாலுன்னே எடுத்துகிச்சு. ஆனா எங்க ஆபீஸ்ல இப்படி எழுதுறவங்க யாருமே கெடையாது. மதியும் எழுதமாட்டா.

மதி: தூக்கக் கலக்கத்துல அடிச்சிருப்பேன். குடுங்க சார். போட்டுத் தரேன்.

கருணாகரன்: நிறுத்து.

மதி: நைனா, நீ சும்மா இரு. உன்னைக் கும்புடுறேன்...

கருணாகரன்: துறைமுகத்துல நாலு இலக்கம்தான், ரகுபதி. முன்னால எடத்தைக் காலியா வுட்டா எவனாவது ஒரு ஒண்ணைச் சொருகி ஆயிரமாக்கிடுவான். அதனால சைபர் போடாம நம்பரே எழுதமாட்டோம்.

ரகுபதி: நீங்க... இன்னா சொல்றீங்க?

மதி: சார், அவரு கம்ப்யூட்டரைத் தொட்டதே இல்ல!

கருணாகரன்: எனக்காகப் பொய் சொல்லாத மதி. நேத்து மேஜை மேல லேப்டாப்பை வச்சுட்டு, 'நம்பரெல்லாம் சரியா கீதா, ஒருவாட்டி பாரு நைனா'ன்னு சொல்லிட்டுக் குளிக்கப் போனியே.

ரகுபதி: மதி! கம்பெனி லிஸ்ட்டை வூட்லயா...

மதி: நைனாவை வுட ஒழுங்கா எண்ணத் தெரிஞ்சவங்க யாரு சார் கீறாங்க? சின்ன வயசுலேர்ந்து எனக்குத் தெரிஞ்சு யாரும் இல்ல.

ரகுபதி: உனக்கு எப்ப தெரியும்?

மதி: காலைல, அந்த சைபரைப் பாத்த ஒடனே. என் ஸ்கூல் நோட்டுல பக்க நம்பர் பூரா நைனா போட்டுக் குடுத்ததுதான். எல்லாம் நாலு இலக்கம். கிளாஸே சிரிக்கும்.

ரகுபதி: தெரிஞ்சுமா நான்தான்னு ஒத்துகினு நின்ன?

மதி: பின்ன இன்னா சார் பண்ணச் சொல்றீங்க? முப்பத்திநாலு வருஷம்... ஏன் நைனா, சேத்துட்டேன்னு எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிருக்கக் கூடாதா?

கருணாகரன்: நீ ஒண்ணை விட்டுட்டன்னு நெனச்சேன்மா. கருணாகரன் பொண்ணு வரிசையில நம்பர் விட்டுட்டான்னு உனக்கே தெரியக் கூடாதுன்னு, சத்தமில்லாம நானே அடிச்சுச் சேத்துட்டேன்... அந்தப் பேனாவைக் குடு.