வலது பக்கத்துக் குழாய்

இந்த நாற்காலிக்கு முதுகு இல்லை. பரவாயில்லை இன்ஸ்பெக்டர், மாற்ற வேண்டாம். சாய்ந்து உட்காரும் பழக்கம் எனக்கு எந்த வயதிலும் இருந்ததில்லை. என் தம்பி அதைக் கேலி செய்வான். "அண்ணன் வீட்ல சட்டைய மட்டும் அயர்ன் பண்றதில்ல, அண்ணனையும் சேத்துதான் பண்றாங்க" என்பான். கேட்டவர்கள் சிரிப்பார்கள். நான் சிரிக்க மாட்டேன். சிரித்தால் மடிப்புக் கலைந்துவிடும் என்று அதற்கும் ஒன்று சொல்வான்.

பெயர், வயது, முகவரி எல்லாம் உங்கள் எழுத்தர் எழுதிக்கொண்டார். தகப்பனார் தொழில் என்ற இடத்தை மட்டும் கொஞ்ச நேரம் காலியாக விடச் சொன்னேன். அது வர வேண்டிய இடத்தில் வரும்.

அதற்கு முன்னால் ஒரு காரியம். பக்கத்து அறையில் உட்கார வைத்திருக்கும் மெக்கானிக்கை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். அவர் பெட்ரோல் குழாயைத் தப்பாகப் போட்டதால்தான் என் தம்பியின் கார் எரிந்தது என்று எழுதியிருக்கிறீர்களாம். அவர் போட்ட குழாய் அந்த வண்டியில் இல்லவே இல்லை. அது என் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. ஆளனுப்பி எடுத்துக்கொள்ளலாம். அருமையான வேலை, ஒரு கிளிப்கூடக் கோணல் கிடையாது. தான் செய்த வேலைக்கு இன்னொருவனை உள்ளே தள்ளுவது கௌரவமான குடும்பத்துக்கு அழகில்லை. அதனால்தான் வந்தேன்.

அது எங்கள் அப்பா விட்டுப்போன கார். எனக்கு அதன்மேல் மரியாதை, தம்பிக்கு அதன்மேல் பாசம். மரியாதை வைத்தவன் துணி போட்டு மூடி வைப்பான். பாசம் வைத்தவன் பிரித்துப் போடுவான். தம்பி பிரித்தான். பழைய எஞ்சினைத் தூக்கிவிட்டுப் பெரிய எஞ்சின் பொருத்தினான். டேஷ்போர்டில் அப்பாவின் படத்தைச் சின்னப் பித்தளை பிரேமில் போட்டு வைத்தான். அப்பாவுக்கு இருப்பது அந்த ஒரே படம்தான், நெகட்டிவ்கூடக் கிடையாது.

எஞ்சின் மாறியதில் ஒரு சிக்கல் வந்தது. பெட்ரோல் டேங்க் வண்டிக்குப் பின்னால், எஞ்சின் முன்னால். இரண்டையும் சேர்க்கும் குழாய் வண்டியின் அடியில் ஓடும். அந்தக் காலத்தில் அது வலது பக்கம் ஓடியது. புது எஞ்சினுக்கோ கொதிக்கும் புகை போகும் சைலன்ஸர் பைப் வலது பக்கம்தான் இறங்குகிறது. குழாய் பழைய வழியிலேயே போனால் வண்டியின் பழமை கெடாது என்றேன் நான். மெக்கானிக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார்:

"ஐயா, பெட்ரோலையும் நெருப்பையும் ஒரே ரூம்ல படுக்க வச்சுட்டு, காலைல வந்து சண்டையான்னு கேக்கக் கூடாது."

புதுக் குழாயை இடது பக்கமாகக் கொண்டுபோனார். அவர் சொன்னது எனக்கு நன்றாகவே புரிந்தது. இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

இனி விஷயம். ஊர்க்கோடி மைதானத்தில் பழைய கார்களின் கண்காட்சி. ஒவ்வொரு காரின் சொந்தக்காரரும் மைக்கில் தன் வண்டியின் கதையைச் சொல்ல வேண்டும். பேசி முடித்ததும் திறந்து காட்டுவதற்காகத் தம்பி டேஷ்போர்டில் இருந்த அப்பா படத்தைப் பிரேமோடு பட்டுத்துணியில் சுற்றி வைத்திருந்தான். என்ன பேசப்போகிறான் என்று வீட்டுக் கூடத்தில் நின்று எனக்குச் சொல்லிக்காட்டினான்.

"எங்கப்பா இந்த வண்டிய இருவது வருஷம் ஓட்டினாரு. ஒரு நாள்கூடப் பின் சீட்டுல உக்காந்ததில்ல. ஏன்னா அது மொதலாளி சீட்டு. எங்கப்பா டிரைவர். மொதலாளி ஊர விட்டுப் போகும்போது சாவிய எங்கப்பா கையில குடுத்துட்டுப் போனாரு. அப்பவும் அப்பா பின் சீட்டுல உக்காரல. எங்கள உக்கார வச்சாரு."

நன்றாகத்தான் இருந்தது. சொல்லும்போது அவனுக்கே கண் கலங்கியது. எனக்கு வியர்த்தது.

நான் கதை கட்டி வளர்த்த அப்பா வேறு. என் மூத்த மகளுக்குச் சம்பந்தம் பேசியபோது அவரை மரக்கடை முதலாளியாக்கினேன். இளையவளுக்குப் பேசியபோது தொழில் விருத்தியாகி, துணி மில்லில் பங்குதாரர் ஆகியிருந்தார். இரண்டு சம்பந்திகளும் ஒரே மேசையில் சாப்பிட உட்கார்ந்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. மரமா துணியா என்று பேச்சு வந்துவிடுமோ என்று மோர் ஊற்றும்வரை மழையைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தேன். படத்தில் அப்பா போட்டிருப்பது பித்தளைப் பொத்தான் வைத்த டிரைவர் சீருடை. அதைக் கப்பல் கம்பெனி விருந்துக்குப் போன உடுப்பு என்று சொல்லியிருக்கிறேன். இவ்வளவு பாடுபட்டு வளர்த்த அப்பாவை இவன் ஒரே மைக்கில் டிரைவராக்கப் பார்த்தான். கண்காட்சியில் என் சம்பந்திகள் இருவருக்கும் முன்வரிசையில் இடம்.

"அதெல்லாம் சொல்லணும்னு என்ன அவசியம்?" என்றேன்.

"டிரைவரா இருந்தாருன்னு சொல்றதுல என்னண்ணா கேவலம்?"

"கேவலம்னு நான் சொன்னேனா? அவசியமில்லங்கறேன்."

"நீங்க சொல்லி வச்ச கணக்குக்கு நம்ம வீட்ல நாலு மில்லு ஓடியிருக்கணும். நம்ம வீட்ல மிக்ஸியே ஓடலியேண்ணா" என்று சிரித்தான். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தோளில் கை வைத்தான். "விடுங்க. சொல்லிட்டா உங்களுக்கே பாரம் எறங்கிடும்."

கண்காட்சிக்கு முந்தைய நாள் மதியம் வீட்டில் எல்லோரும் வெளியே போயிருந்தார்கள். நான் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுக் காரின் அடியில் படுத்தேன். எனக்கு அந்த வேலை தெரியும். சின்ன வயதில் அப்பாவோடு படுத்து அந்தக் குழாயை வாயால் ஊதி அடைப்பெடுத்தவன் நான். யாரிடமும் சொன்னதில்லை. மில் பங்குதாரர் மகனுக்கு அதெல்லாம் தெரிந்திருக்கக் கூடாதல்லவா.

மெக்கானிக் போட்ட குழாயைக் கழற்றினேன். பரணில் கிடந்த பழைய குழாயை வலது பக்கம், அப்பா காலத்துத் துளைகள் வழியாகவே கொண்டுபோய், சைலன்ஸர் பைப்பை ஒட்டினாற்போல் கம்பியால் கட்டினேன். என் எண்ணம் இதுதான். சூடு ஏறினால் குழாய்க்குள்ளேயே பெட்ரோல் ஆவியாகிவிடும். ஆவியைப் பம்ப்பால் இழுக்க முடியாது. வண்டி வழியில் நின்றுவிடும். தம்பி மைக்கைப் பிடிக்க முடியாது. அவ்வளவுதான். வண்டி நின்றுபோக வேண்டும், வேறொன்றுமில்லை.

எஞ்சின் அருகே வரும் ரப்பர் ஹோஸையும் மாற்றினேன். அப்பாவின் டூல்ஸ் பெட்டியில் இருந்த பழைய ஹோஸ். விரலால் அழுத்தினால் வெடிப்பு விடும் அளவுக்குக் காய்ந்திருந்தது. எல்லாம் பழசாக இருக்கும்போது அது மட்டும் புதிதாக இருப்பது ஒட்டவில்லை. அதே காரணத்துக்காகத்தான் சீட்டுக்கு அடியில் மெக்கானிக் வைத்திருந்த தீயணைக்கும் சிலிண்டரையும் எடுத்துவிட்டேன். அந்தச் சிவப்பு நிறம் கண்ணை உறுத்தியது. பிறகு கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, சட்டையை மாட்டிக்கொண்டேன்.

மறுநாள் காலை தம்பி முகத்தைச் சுளித்தான். "பெட்ரோல் வாசன அடிக்குதே அண்ணா?"

"பழைய வண்டின்னா மல்லிகப்பூ வாசனையா அடிக்கும்? உன் மூக்கக் கொஞ்சம் சும்மா வை."

சிரித்துக்கொண்டு ஏறினான். பின் கதவை எனக்காகத் திறந்துவிட்டான். "வாங்க, மொதலாளி சீட்டு உங்களுக்குத்தான்." முதுகு வலிக்கிறது, வாடகைக் காரில் வருகிறேன் என்றேன். முதுகுவலி எனக்கு வந்ததே இல்லை. அன்று வந்ததாக வைத்துக்கொள்ளுங்கள்.

வாடகைக் காரில் நான் பின்னாலேயே போனேன். பாலத்து ஏற்றத்தில் நின்றுவிடும் என்று கணக்குப் போட்டிருந்தேன். நிற்கவில்லை. வாழ்நாள் முழுக்கப் பிறரைத் திருத்திய மனிதனுக்குத் தன் கணக்கைச் சரிபார்க்கத் தோன்றவில்லை. பாலம் தாண்டி இறக்கத்தில் பானட்டின் இடுக்கில் முதலில் வெள்ளையாக, பிறகு கறுப்பாகப் புகை வந்தது. தம்பி ஓரங்கட்டினான். கதவைத் திறந்து ஒரு காலைக் கீழே வைத்துவிட்டான். அதை நான் பார்த்தேன். பிறகு எதற்கோ மறுபடி உள்ளே குனிந்தான்.

எதற்கு என்று ஆஸ்பத்திரியில்தான் தெரிந்தது. அவன் கையைப் பிரித்து அந்தப் பித்தளை பிரேமை எடுக்க டாக்டர் சிரமப்பட்டாராம். நான் உள்ளே போனபோது அவனுக்குப் பேச்சு மெல்லியதாகத்தான் வந்தது.

"அண்ணா, அப்பா படம் எரிஞ்சு போச்சுண்ணா. மன்னிச்சிருங்க."

பரவாயில்லை என்றேன். வேறு என்ன சொல்ல முடியும்? சாயங்காலத்துக்குள் போய்விட்டான்.

ஆகவே, குழாயை மாற்றியவன் நான். ஹோஸை மாற்றியவன் நான். காரணத்தையும் சொல்லிவிட்டேன். எழுத்தர் அந்தக் காலி இடத்தை இப்போது நிரப்பிக்கொள்ளலாம். தகப்பனார் தொழில், டிரைவர். மறைக்க அவ்வளவு பாடுபட்ட வார்த்தையை நானே வந்து, கார்பன் தாள் வைத்து மூன்று பிரதி எடுக்கும் இடத்தில் சொல்கிறேன். தம்பி இருந்திருந்தால் இதை வைத்தே ஒரு வருஷம் சிரித்திருப்பான்.

வெறும் டிரைவர் என்று மட்டும் எழுதிவிட வேண்டாம். எப்பேர்ப்பட்ட டிரைவர் என்று நீங்களே பாருங்கள். சட்டைப்பையில்தான் வைத்திருக்கிறேன். பொத்தான்கள் எப்படி மின்னுகின்றன, பாருங்கள். முதுகு எவ்வளவு நேராக இருக்கிறது.

ஆமாம், டேஷ்போர்டில் இருந்த அதே படம்தான். அன்று காலை வண்டி கிளம்பும் முன் பட்டுத்துணியைப் பிரித்து, பிரேமிலிருந்து நான்தான் உருவி எடுத்துக்கொண்டு, வெறும் பிரேமை மறுபடி சுற்றி வைத்தேன். ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்? வழியில் வண்டி நின்றுவிட்டால் வெகுநேரம் வெயிலில் கிடக்க வேண்டியிருக்கும். வெயில் பட்டால் பழைய படங்கள் வெளுத்துவிடும்.