ஏழாவது நாற்காலி

எண்ணும் எழுத்தும் இரு கைகளில் ஏந்தி எங்களோடு நடந்த எங்கள் ஆசிரியை அவர்களே! லகரம், ளகரம், ழகரம் மூன்றையும் மழலை நாவுகளில் நிலைநாட்டிய நல்லாசானே! விடுப்பு என்ற சொல்லை விடுகதைபோல் தள்ளி வைத்தவரே!

இருபத்திரண்டு ஆண்டுகள் மூன்றாம் வகுப்பை விட்டு அசையாதிருந்து இன்று ஓய்வு பெறும் உங்களுக்கு, நாலாம் வகுப்பு எடுப்பவர் எழுத, மற்ற ஐவரும் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துத் திருத்த, ஆறு பேரும் சேர்ந்து வாசித்தளிக்கும் மடல் இது. பெயரையே மறந்துவிட்டு ‘மூணாங்கிளாஸ் டீச்சர்’ என்றே உங்களைக் கூப்பிட்டோம். நீங்களும் திரும்பிப் பார்த்தீர்கள்.

மூன்றுக்கும் நாலுக்கும் நடுவில் இருப்பது வெறும் பலகைத் தடுப்பு. அதனால் நீங்கள் நடத்திய பாடமெல்லாம் இந்தப் பக்கமும் நடந்தது. இந்த மாதம் அறிவியலில் உயிருள்ளவை, உயிரற்றவை. “கடிகாரம் ஓடுதே டீச்சர், அதுக்கு உயிர் இருக்கா?” என்றது ஒரு குழந்தை. “ஓடும். ஆனா யாரையும் தேடாதுப்பா” என்றீர்கள். நாலாம் வகுப்பே எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்டது.

தமிழில் ஒருமை, பன்மை. சமூக அறிவியலில் நம் குடும்பம். “உங்க வீட்ல யார் யார் இருக்காங்க டீச்சர்?” என்று கேட்டார்கள். “நான்” என்றீர்கள். “நாங்கள்னு சொல்லணும் டீச்சர்!” என்று காலையில் படித்ததை வைத்து உங்களையே திருத்தினார்கள். நீங்கள் சிரித்தது கேட்டது. அந்தச் சிரிப்பு சட்டென்று நின்றதும் கேட்டது. அடுத்தவர் விஷயத்தில் மூக்கை நுழைக்கக் கூடாது என்று நாங்கள் நாகரிகமாக இருந்துவிட்டோமாம்!

போன வாரம் கணக்கு நோட்டுகளைக் கட்டி எங்களிடம் ஒப்படைத்தீர்கள். பாடம் வகுத்தல், மீதி காணல். பள்ளியில் கண்ணில் படுவதை வைத்துப் பிள்ளைகளை ஆளுக்கொரு கணக்கு எழுதச் சொல்லியிருந்தீர்கள். ஒருவர் பென்சிலை எண்ணினார், ஒருவர் ஜன்னல் கம்பியை எண்ணினார். ஒரு நோட்டில் இப்படி இருந்தது: “ஏழு டீச்சர். ஆறு நாற்க்காலி. ஒரு நாற்க்காலிக்கு ஒருத்தர். மீதி: நம்ம டீச்சர்.”

‘நாற்காலி’யில் வேண்டாமல் வந்து நின்ற ‘க்’கை இரண்டு இடத்திலும் சிவப்பு மையால் அடித்திருந்தீர்கள். விடைக்கு ‘சரி’ போட்டிருந்தீர்கள்.

நோட்டு கை மாறிக்கொண்டே போனது. பிறகு ஆசிரியர் அறையில் நாற்காலிகளை எண்ணிப் பார்த்தோம், ஆறுதான். சேர்ந்த முதல் நாளே வாசலில் நின்று, “பரவாயில்லை, நான் கிளாஸ்லயே சாப்பிட்டுக்கறேன், நோட்டு திருத்தணும்” என்றீர்களாம். அதை நம்புவது எங்களுக்கும் வசதியாக இருந்தது. உள்ளே நாங்கள் சிரித்துச் சாப்பிட்ட அத்தனை மதியங்களிலும் நீங்கள் காலி பெஞ்சுகளுக்கு நடுவே டப்பாவைத் திறந்திருக்கிறீர்கள். எட்டு வயதுக்குத் தெரிந்த கணக்கு பட்டம் வாங்கிய எங்களுக்குத் தெரியவில்லை. வெட்கமாக இருக்கிறது டீச்சர்.

கடமையே கண்ணான கனிவே! குரல் உயர்த்தாமலே குழந்தைகளை உயர்த்திய குணக்குன்றே! முழங்கால் வலி நீங்கி, கண்ணொளி குன்றாமல், நல்ல தூக்கமும் நல்ல பசியுமாக நீங்கள் நெடுங்காலம் வாழ வேண்டும். அந்தப் பசியோடு இங்கே வரவும் வேண்டும். ஜன்னலோரம் ஏழாவது நாற்காலி நேற்று வந்துவிட்டது. கல்யாணம் முடிந்தபின் வந்த மேளம் என்று நீங்கள் கேலி செய்யலாம், பொறுத்துக்கொள்கிறோம். உங்கள் இடத்துக்குப் புதியவர் வந்தால் எட்டாவது வாங்கிப் போடுவோம், இது உங்களுடையது. மதிய மணி பன்னிரண்டரைக்கு அடிக்கும் என்பது உங்களுக்குத் தெரியாததா?

திங்கட்கிழமை முதல் நாங்கள் ஆறு பேர், நாற்காலி ஏழு. மீதி ஒன்று. அந்த விடைக்கு எங்களால் ‘சரி’ போட முடியாது, டீச்சர்.

இப்படிக்கு,
பலகைத் தடுப்புக்கு இந்தப் பக்கம் இருந்த ஆறு பேர்